சிதம்பரத்து மாமாவும் சிவப்புப் பாலைவனமும்

பாலைவனம் என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு மூன்று ஞாபகங்கள் வரும். துபாயில் ஏ.சி. மெக்கானிக்காக இருக்கும் மச்சான், ஜெய்சல்மரில் எடுத்த சினிமா டூயட், அப்புறம் ஒட்டகம். தமிழ்நாட்டிலேயே ஒரு பாலைவனம் இருக்கிறது, டவுன் பஸ் பிடித்துப் போய்ப் பார்க்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'வெயில் ஜாஸ்தி சார், தொப்பி போட்டுக்கிட்டு நடங்க' என்பார்கள் அனுதாபமாக.

நிஜமாகவே இருக்கிறது. பெயர் தேரி. தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் ஆரம்பித்து, திருநெல்வேலி மாவட்டக் கடலோரம் வரை விட்டுவிட்டுப் பரவிக் கிடக்கும் செம்மணல் மேடுகள். குதிரைமொழித் தேரி மட்டுமே சுமார் 12,000 ஏக்கர். ராஜஸ்தான் வரை போகக் கட்டுப்படியாகாத சினிமாக்காரர்கள் இங்கேதான் வந்து வில்லனை ஓட ஓட விரட்டுகிறார்கள்.

கோடை லீவுக்கு ராஜஸ்தான் போயே ஆக வேண்டும் என்று எங்கள் வீட்டு வாண்டுகள் இரண்டும் பங்குனியிலேயே கொடி பிடித்துவிட்டன. ரயில், ஓட்டல், கோட்டைக்குக் கோட்டை டிக்கெட், ஒட்டகச் சவாரி என்று கணக்குப் போட்டதில் கடைசி வரியில் வந்த தொகைக்கு ஒட்டகத்தையே விலைக்கு வாங்கிவிடலாம் போலிருந்தது. "வாங்கினா எங்க கட்டறது? மாடியில துணி காயப்போடவே இடமில்ல" என்றாள் இல்லத்தரசி. ஆகவே கடலூரில் ஒரு வேனைப் பேசி, தேரிக்குக் கிளம்பினோம். நாங்கள் நாலு பேர். சிதம்பரத்தில் மாமாவும் அத்தையும் ஏறிக்கொள்வதாக ஏற்பாடு.

மாமா என் தாய்மாமா. ரெவின்யூ டிபார்ட்மென்ட்டில் முப்பத்து நாலு வருஷம் குப்பை கொட்டி ரிட்டயரானவர். காலை ஐந்தரைக்கு அவர் வீட்டு வாசலில் வேன் போய் நின்றது. அத்தை, ஒரு சூட்கேஸ், ஒரு கட்டைப் பை, அப்புறம் இருபது லிட்டர் தண்ணீர் கேன்கள் எட்டு!

"என்ன மாமா இது?"

"பாலைவனம்னுதானே மாப்ள சொன்னே?"

"வழியெல்லாம் கடை இருக்கு மாமா."

"முதுகுளத்தூர்லகூடத்தான் கடை இருந்துச்சு. தண்ணிதான் இல்ல."

அதற்கு மேல் அவரோடு பேச முடியாது. அரசாங்க உத்தியோகத்தில் அந்தக் காலத்தில் ஒரு தண்டனை உண்டு: 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்!' எண்பதுகளில் மாமாவை நிஜமாகவே மாற்றினார்கள். ஊருணி ஓரம் குழி தோண்டி, அதில் ஊறுகிற தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் சுரண்டிச் சுரண்டிக் குடத்தில் ஊற்றுவார்களாம். ஒரு குடம் நிரம்ப ஒரு மணி நேரம். மாமா அரிக்கேன் விளக்கோடு ராத்திரி இரண்டு மணிக்கு வரிசையில் நின்றிருக்கிறார். அந்த இரண்டு வருஷத்துக்குப் பிறகு, எங்கே போனாலும் தண்ணீரோடுதான் போவார். கல்யாண வீட்டுக்குக்கூட.

கேன்களைத் தூக்கி ஏற்றிய டிரைவர், "சார், இது வேனா, தண்ணி லாரியா?" என்று மட்டும் கேட்டார்.

*

சிதம்பரம் தாண்டியதும் மாமா கைடாகிவிட்டார். "இந்தக் கரை பூரா வெள்ளைக்காரன் டீக்கடை போட்ட மாதிரி கோட்டை போட்டிருக்கான் பாரு. நம்ம கடலூர்ல இங்கிலீஷ்காரன், பரங்கிப்பேட்டையில போர்ச்சுகீசியன், தரங்கம்பாடியில டென்மார்க்காரன், காரைக்கால்ல பிரெஞ்சுக்காரன், நாகப்பட்டினத்துல டச்சுக்காரன். ஆளுக்கு ஒரு ஸ்டாப்பிங்!"

உண்மைதான். தரங்கம்பாடிக் கோட்டை 1620. நாகப்பட்டினத்தை டச்சுக்காரர்கள் பிடித்தது 1658. கடலூரில் புனித டேவிட் கோட்டையை ஆங்கிலேயர்கள் மராட்டியர்களிடம் வாங்கியது 1690. அந்தக் கிரயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அதுவரை உள்ள கிராமங்களும் சேர்த்தி! சும்மா விடுவார்களா? நல்ல பீரங்கியாகப் பார்த்துச் சுட்டார்கள். குண்டு உப்பலவாடி என்று இன்றைக்கும் கடலூரில் ஒரு ஊர் அந்தப் பேரைச் சுமந்துகொண்டிருக்கிறது. "சர்வேயரே வேணாம், டுமீல்னு அளந்துட்டான்" என்று மாமா ரெவின்யூ முறையில் ரசித்தார்.

கொள்ளிடப் பாலம் வந்தது. மே மாதம். பாலத்துக்குக் கீழே கண்ணுக்கெட்டிய மட்டும் மணல், நடுவில் தோய்த்துப் போட்ட வேட்டி மாதிரி கொஞ்சம் தண்ணீர். எங்கள் சின்னது ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டது:

"பாலைவனம் வந்துடுச்சாப்பா?"

வேனில் எல்லோரும் சிரித்தோம். மாமா மட்டும் சிரிக்கவில்லை. 2022 ஆகஸ்டில் இதே ஆற்றில் வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கன அடி தண்ணீர் ஓடியது. சிதம்பரத்தைச் சுற்றியுள்ள கரையோரக் கிராமங்களில் வீட்டுக்குள் வெள்ளம் வந்தது. வந்த தண்ணீர் நேரே கடலுக்குப் போய்விட்டது.

நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை என்று பச்சை கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டே வந்தது. தொண்டி தாண்டியதும் சீமைக் கருவேலம் தவிர வேறு எதுவும் முளைக்க உத்தேசமில்லாத பூமி. மாமாவின் பேச்சு நின்றுவிட்டது. ராமநாதபுரத்தில் பெரிய கண்மாயைக் காட்டினேன். வைகை எல்லா ஆறுகளையும் போல நேரே கடலில் போய் விழுவதில்லை. மிச்சம் மீதி வருவதை இந்தக் கண்மாய் வாங்கிக்கொள்கிறது. வறண்ட பூமிக்காரர்கள் ஆற்றையே ஒரு பாத்திரத்தில் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

சாயல்குடியில் டீ குடிக்க நிறுத்தினோம். மாமா இறங்கி, கடைக்காரரிடம் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கினார். எட்டு கேன் வைத்துக்கொண்டு இவர் ஏன் அங்கே வாங்குகிறார் என்று அத்தை முறைத்தார். ஒரு வாய் குடித்தார்.

"எந்தத் தண்ணிங்க இது?"

"காவேரிங்கய்யா. திருச்சியில இருந்து குழாய்ல வருது. தெனமும் வராது, வரும்போது பிடிச்சு வச்சுக்குவோம்."

மாமா டம்ளரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணியில்லாக் காட்டுக்குக் காவிரி வந்துவிட்டது. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுத்தான் வேனில் ஏறினார்.

*

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற ரோட்டை ஒட்டிச் சரித்திரம் மண்ணுக்குள் கிடக்கிறது. கொற்கை பாண்டியர்களின் முத்துத் துறைமுகம். கைதிகளை இறக்கி அங்கே முத்துக் குளிக்க வைத்தார்கள் என்று இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய கிரேக்கக் கடல் கையேடு ஒன்று எழுதி வைத்திருக்கிறது. இன்றைக்குக் கொற்கையில் நின்றுகொண்டு, 'கடல் எங்கே?' என்று கேட்டால் பஸ்ஸில் ஏறச் சொல்வார்கள். தாமிரபரணி கொண்டுவந்த வண்டல், கடலைச் சில கிலோமீட்டர் பின்னால் தள்ளிவிட்டது.

அடுத்து வந்த துறைமுகம் பழைய காயல். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, அரபு நாட்டுக் குதிரைகள் இங்கே கப்பல் கப்பலாக வந்து இறங்கியதை எழுதியிருக்கிறார். "ஒட்டகம் வரலியா?" என்று பெரியது கேட்டது. பாண்டியனுக்கு வேண்டியது குதிரைதான். ஒட்டகம் இருந்திருந்தால் எனக்கு இந்தப் பிரயாணத்தில் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

காயல்பட்டினத்தில் சர்பத் குடிக்க நிறுத்தினபோது, பாலைவனம் பார்க்கக் கடலூரிலிருந்து வந்திருக்கிறோம் என்று கடைக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சுவரில் என் தோள் உயரத்துக்கு ஒரு கறையைக் காட்டினார்.

"இது வரைக்கும் தண்ணி நின்னுச்சு அண்ணாச்சி. நீங்க பாலைவனம்ங்கிய."

2023 டிசம்பர் 18 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்த மழை 95 சென்டிமீட்டர். அந்த மாவட்டத்துக்கு ஒரு வருஷத்தில் பெய்கிற மழையைவிட அதிகம். 2015 நவம்பரில் எங்கள் நெய்வேலியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் பெய்து கடலூர் மாவட்டமே மிதந்தது. அதைப்போல இரண்டு மடங்கு! அன்றைக்குச் சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டு, சுமார் 800 பேர் நாலு பக்கமும் வெள்ளத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துப் புதுக்குடி கிராமத்துக்காரர்கள் இருந்ததையெல்லாம் வைத்துப் பொங்கிப் போட்டார்கள். சிதம்பரம், கடலூர் வழியாக வரவேண்டிய ரயில்தான் அது.

மழையே இல்லாத ஊரென்று நாங்கள் கேன் கட்டிக்கொண்டு வந்த இடம் இது.

*

மறுநாள் காலை காயாமொழி தாண்டி வேன் திரும்பியதும், டிரைவர் உட்பட எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். எதிரே சிவப்பு. மிளகாய்ப் பொடியை லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டி, மேலே காற்றை விட்டுச் சீப்பால் வாரிய மாதிரி. மணல் ஒவ்வொன்றின் மேலும் இரும்புத் துரு படிந்திருப்பதால் அந்த நிறம். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று, முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றிவிட்டு மிச்ச நேரத்தில் இங்கே வந்து மேடுகளை நகர்த்தி வைக்கிறது. நேற்று நடந்த தடம் இன்றைக்கு இருக்காது. பனையும், குடை விரித்தாற்போல உடை மரமும் பிடித்து வைத்த இடத்தில் மட்டும் மணல் சும்மா இருக்கிறது. வனத்துறை நட்ட முந்திரியும் உண்டு. அதைப் பார்த்ததும் அத்தை, "நம்ம பண்ருட்டி மாதிரியே இருக்கே" என்று சொந்தம் கொண்டாடினார்.

செருப்பில்லாமல் ஓடிய பிள்ளைகள், போன வேகத்தைவிட அதிக வேகத்தில் திரும்பி வந்தன. மாமா டிரைவரோடு சேர்ந்து ஒரு கேனை இறக்கினார். அவருடைய நேரம் வந்துவிட்டது.

கொஞ்ச தூரத்தில் ஒரு விடிலி. பதநீர் காய்ச்சுகிற ஓலைக் குடிசை. உள்ளே ஒரு அம்மாள் வட்டில் கருப்பட்டிக்குப் பாகு கிண்டிக்கொண்டிருந்தார். வெளியே மரத்திலிருந்து அப்போதுதான் இறங்கிய ஒரு பெரியவர். எழுபது வயசிருக்கும். எங்களைப் பார்த்ததும் பனையோலையை மடித்துப் பட்டை பிடித்து, பதநீர் ஊற்றிக் கொடுத்தார். குடித்து முடித்ததும் மாமா பதில் மரியாதையாகக் கேனைக் காட்டி, "நல்ல தண்ணிங்க. சிதம்பரத்துல இருந்து கொண்டாந்தது. குடிங்க" என்றார்.

பெரியவர் கேனைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது.

"தண்ணியா? தேரிக்கா கொண்டு வந்திய? அந்தப் பள்ளத்துல எறங்கிப் பாருங்க."

இறங்கினோம். மேட்டுக்கு அடியில், மர நிழலில், ஒரு சின்னக் கிணறு. பெரியவர் தோண்டியை விட்டு இழுத்து மாமாவின் கையில் ஊற்றினார். மாமா ஒரு கை குடித்தார். இன்னொரு கை. அப்புறம் கழுத்தில், தலையில்.

"மாப்ள, இளநி மாதிரி இருக்குடா."

"மேல பேயுத மழை பூரா உள்ளதான் போவும்" என்றார் பெரியவர். "அந்தப் பெருவெள்ளத்துல ஊருக்குள்ள ஆளு முங்குத தண்ணி. தேரி மேல பேஞ்சதை அது அப்பமே குடிச்சிட்டு. அதத்தான் இப்பம் நீங்க குடிக்கிய."

அவரே இந்த வட்டாரத்தில் பலவிதமாகச் சொல்லப்படும் ஒரு கதையையும் சொன்னார். ராஜாவுக்கு என்று ஒரு மாமரம். தண்ணீர் எடுக்கப் போன ஒரு பெண்ணின் குடத்தில், அவளுக்கே தெரியாமல் ஒரு பழம் விழுந்துவிட்டது. திருடினாள் என்று ராஜா கொன்றுபோட்டான். அவள் விட்ட சாபத்தில் மண்மாரி பெய்து, ஊர் மூடிப்போய்த் தேரியானது. மதுரைக்கு நெருப்பு, இங்கே மணல். நியாயம் கெட்டால் நிலம் கெடும் என்பதைத் தமிழ்நாட்டில் எந்த மூலையிலும் ஒரு பெண்ணை வைத்துத்தான் சொல்கிறார்கள்.

"அப்ப இங்க தண்ணிக் கஷ்டமே இல்லியா?" என்று மாமா கேட்டார்.

"ஏன் இல்லாம? எங்கய்யா காலத்துல கையால தோண்டுனா ஊறும். நான் சின்னப் பையலா இருக்கையில பன்னெண்டு அடி. இப்பம் வெளிய தோட்டக்காரங்க எரநூறு அடிக்குப் போர் எறக்கி உறிஞ்சுதாங்க. கடலைப் பாத்த பக்கம் சில கெணறு உப்பு ஏறிட்டு. பனையே பட்டுப்போவுது."

*

இதில் கொஞ்சம் விஞ்ஞானம் இருக்கிறது. பயப்பட வேண்டாம், சின்னதுதான்.

கடலோர மணலில் இறங்குகிற மழைத் தண்ணீர், அடியில் இருக்கும் கடல் தண்ணீரோடு உடனே கலந்துவிடுவதில்லை. நல்ல தண்ணீர் கொஞ்சம் லேசு, உப்புத் தண்ணீர் கனம். அதனால் பாலில் ஆடை மாதிரி மேலே மிதக்கிறது. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு டச்சு ராணுவ என்ஜினீயரும், பிறகு ஒரு ஜெர்மானியரும் தனித்தனியாக இதற்குக் கணக்குப் போட்டார்கள். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழம் வரை நல்ல தண்ணீர் தாங்கி நிற்கும். திருச்செந்தூரில் கடலுக்குப் பக்கத்திலேயே நாழிக் கிணறு தித்திக்கிறதே, அது எப்படி என்பது இதை வைத்தால் பாதி புரிந்துவிடும். மீதியை முருகனுக்கு விட்டுவிடலாம்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் பயமாக இருக்கிறது. மேலே ஒரு அடியை இறைத்துத் தீர்த்தால், கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். ஒன்றுக்கு நாற்பது! எந்தக் கந்துவட்டிக்காரனும் இந்த ரேட்டுக்கு வசூல் பண்ணியதில்லை.

இதைத் திரும்புகிற வழியில் மாமாவிடம் சொன்னேன். பிச்சாவரம் பக்கம் அவர் சர்வே பண்ணிய கிராமங்களை விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார். "அந்த ஊர்ல நான் குடிச்சிருக்கேன், இப்ப உப்பு. இந்த ஊரும்தான்..." ஐந்து விரலும் மடங்கி, அடுத்த கைக்குப் போனார்.

ஆறுகள் கூடுகிற ஊர் என்பதால்தான் கூடலூர், அது வெள்ளைக்காரன் வாயில் புகுந்து கடலூர் என்பார்கள். பெண்ணையாறு, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் எல்லாம் எங்கள் மாவட்டத்தைத் தொட்டுத்தான் கடலுக்குப் போகின்றன. பத்தாம் நூற்றாண்டில் சோழர்கள் வெட்டிய வீராணம் ஏரி, 2004 முதல் சென்னைக்கே குடிக்கத் தண்ணீர் அனுப்புகிறது. நெய்வேலியில் நிலக்கரி எடுப்பதற்காகப் பூமிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் தண்ணீரை ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. கார்த்திகையில் நாங்கள் படகில் போகிறோம். சித்திரையில் குடத்தோடு டேங்கர் லாரிக்கு நிற்கிறோம். 2024 டிசம்பரில் பெண்ணையாறு கரை மீறிக் கடலூருக்குள் வந்த தண்ணீரில், அடுத்த மே மாதத்துக்கு எவ்வளவு மிஞ்சியது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

நம்முடைய பழைய இலக்கணக்காரர்கள் கெட்டிக்காரர்கள். மலை, காடு, வயல், கடல் என்று நாலுக்கும் நிலம் ஒதுக்கியவர்கள், பாலைக்கு மட்டும் இடம் ஒதுக்கவில்லை. நல்ல நிலம் தண்ணீரின்றி நிலை கெட்டு நிற்கும்போது அதற்குப் பேர் பாலை என்றார்கள். ஆகவே அது எந்த ஊருக்கும் வரலாம். கொள்ளிடப் பாலத்தில் எங்கள் சின்னது கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை.

*

எட்டு கேனில் ஏழு, மூடி திறக்காமலே சிதம்பரம் திரும்பி வந்தது. அத்தை ஒரு வாரம் அதில்தான் ரசம் வைத்தார்.

மாமா வீட்டில் ஒரு மழைநீர்க் குழாய் உண்டு. 2003-ல் எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசாங்கம் உத்தரவு போட்டபோது வைத்தது. மொட்டை மாடியிலிருந்து ஜோராக இறங்கி வந்து, முற்றத்துச் சிமென்ட் தரையில் முட்டிக்கொண்டு நிற்கும். கீழே குழியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. பார்க்க வந்த அதிகாரி குழாயை எண்ணிவிட்டுப் போய்விட்டார். இருபது வருஷத்துக்கு மேலாக மாடித் தண்ணீர் முற்றத்தில் இறங்கி, வாசலில் ஓடி, சாக்கடையில் சேர்ந்துகொண்டிருந்தது.

போன வாரம் போனபோது முற்றத்தில் ஒரு கொத்தனார் சிமென்ட்டைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஜல்லி ஒரு குவியல், மணல் ஒரு குவியல். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பள்ளத்துக்குள் டேப்பை விட்டு அளந்துகொண்டிருந்தார்.

"எத்தனை அடி மாமா?"

"பத்து. அடியில மணல் வந்துடுச்சு பாரு" என்று ஒரு பிடி அள்ளிக் காட்டினார். "ஐப்பசி வரட்டும் மாப்ள. குடிக்குதா, இல்லையான்னு பாத்துடுவோம்."